ஈரல் சுருங்க வேண்டிய பதினான்கு நாட்கள்

காப்புறுதி அலுவலகத்தில் இருந்த உத்தியோகத்தர் என் விண்ணப்பத்தை இரண்டு முறை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் விண்ணப்பத்தைப் பார்த்தார். உடல் எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சை அவர்களுடைய பட்டியலில் அழகுச் சிகிச்சை என்ற தலைப்பின் கீழ் வருகிறதாம். அழகுக்குச் செய்வதற்கு அவர்கள் பணம் தருவதில்லையாம். மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார், பத்து நாளில் அதையே கடிதமாகவும் அனுப்பினார். ஐம்பத்திரண்டு வயதில், நூற்று முப்பத்தெட்டு கிலோவில், தலையில் மிச்சமிருக்கும் நாலு முடியோடு நான் அழகாவதற்குத் திட்டம் போடுகிறேன் என்று என்னை யாரும் எழுத்தில் சந்தேகித்தது அதுவே முதல் தடவை. கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்றாள் மனைவி.

உண்மையான காரணம் தூக்கம். இரவில் எனக்கு மூச்சு நின்று நின்று வரும். அதனால் பகலில் எங்கே உட்கார்ந்தாலும் கண் சொருகிவிடும். நான் பாடசாலையில் பிரதி அதிபர்; கூட்டங்களில் தூங்குவதை அங்கே யாரும் பெரிய குறையாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் ஒரு நாள் மத்தியானம் என் கடைசி மகளை டியூஷனிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வரும்போது, நிந்தவூருக்கும் காரைதீவுக்கும் நடுவிலுள்ள வயல்வெளியில், ஓடிக்கொண்டிருந்த சைக்கிளிலேயே தூங்கிவிட்டேன். கண் திறந்தபோது இடுப்பளவு வாய்க்கால் தண்ணீரில் இருந்தேன். மகள் சேற்றிலிருந்து எழுந்து, உடைந்த இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களுக்குப் பின்னால் வந்த மணல் லொறி இருபது யார் தூரம் தள்ளிப் போய் நின்றது.

நாங்கள் வாய்க்கால் பக்கமாகச் சரிந்தோம். றோட்டுப் பக்கமாகவும் சரிந்திருக்கலாம். இதை எழுதும்போது இப்போதும் பேனையை ஒருமுறை கீழே வைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

அதன் பிறகு நான் மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. மகள் பஸ்ஸில் போய் வந்தாள். கையில் மாவுக்கட்டோடு அவள் பஸ் ஏறுவதை வாசலில் நின்று பார்ப்பேன். வீட்டில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சொல்லியிருப்பேன், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும்.

வைத்தியர்களைப் பார்த்தோம். தூக்கத்தை அளந்தார்கள், இரத்தத்தில் சீனியை அளந்தார்கள், கழுத்தைக்கூட நாடா வைத்து அளந்தார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்தார்கள்: இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும். எங்களுக்குக் கிடைத்த விலைகளில் சென்னைதான் எட்டக்கூடியதாக இருந்தது. மனைவி தன் சீதன வயலைக் குத்தகைக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, இனிமேல் வீட்டில் இவருக்குச் சோறும் வேண்டாம், வயலும் வேண்டாம் என்று தன் தங்கையிடம் சொல்லிச் சிரித்தாள்.

சென்னை வைத்தியர் கணினித் திரையில் தோன்றி ஒரு நிபந்தனை வைத்தார். இரைப்பைக்கு மேலே ஈரல் படுத்திருக்கிறது. என்னுடையது கொழுப்பு ஏறி வீங்கிக் கிடக்கிறது. அதைத் தூக்கிப் பிடித்தால்தான் கீழே வேலை செய்ய முடியும். ஆகவே சத்திரசிகிச்சைக்கு முந்திய பதினான்கு நாளும் புரத மாவைக் கரைத்த பானம், தெளிந்த சூப், வெண்ணெய் எடுத்த மோர், இவ்வளவுதான். சோறு, தேங்காய்ப்பால், சீனி கூடாது. வந்ததும் ஸ்கேன் பார்ப்போம், ஈரல் சுருங்காமல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார். திருப்பி அனுப்பினால் குத்தகைப் பணம் போனது போனதுதான். மறுபடி ஒரு முறை முயல எங்களிடம் வேறு வயல் இல்லை.

மகள் அந்தப் பதினான்கு நாளையும் பொறுப்பெடுத்தாள். ஒரு கையால் பானம் கலக்கினாள். நெஞ்சைப் பழக்குவதற்கு மூன்று பந்துள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய் வாங்கி வந்திருந்தோம், மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே எழும்ப வேண்டும். அவள் இழுத்தால் மூன்றும் எழும்பும். நான் இழுத்தால் ஒன்று எழும்பி, யோசித்துவிட்டு, கீழே இறங்கும்.

இவ்வளவு ஒழுங்காகத் தொடங்கிய காரியத்தை நான் ஒரே சொல்லில் கெடுத்தேன்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலால் வெளியே வரும்போது ஒருவர், பாஸ்போட் எடுத்தீங்களாமே சேர் என்று கேட்டார். வயிற்றை வெட்டப் போகிறேன் என்று பள்ளிவாசல் படியில் நின்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "ஓம், ஒரு பயணம் இருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். எங்கள் கல்முனைக்குடியில் கொழும்புக்குப் போகிறவன் கொழும்புக்குப் போகிறேன் என்பான், கட்டாருக்குப் போகிறவன் வெளிநாடு என்பான். ஐம்பது தாண்டிய ஒரு மனிதன் பள்ளிவாசலில் நின்று பயணம் என்றால் அதற்கு ஒரே ஊர்தான், மக்கா. கேட்டவரின் முகம் மலர்ந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அந்தி மஃரிபுக்கு முன்னர் எங்கள் வீதி முழுக்க நான் உம்றாவுக்குப் போகிறேன். இரவு இஷாவுக்கு முன்னர் முதலாவது இனிப்பாக வட்டிலப்பம் வந்துவிட்டது.

பயணம் போகிறவரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைப்பதும், அவர் எல்லோரிடமும் மாப்புக் கேட்டு மன்னிப்பு வாங்குவதும் எங்களிடம் உள்ள வழக்கம். பெரிய குற்றம் செய்திருக்க வேண்டும் என்றில்லை. தெரிந்தும் தெரியாமலும் என்று பொதுவாகக் கேட்டால் போதும். அவர்களும் பொதுவாகத் தந்துவிட்டு, உடனே சோற்றைப் போடுவார்கள். இரண்டு வேலைக்கும் நடுவில் மறுத்துச் சொல்ல இடைவெளியே இல்லை. நானும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு நாள் போயிற்று. அதற்குள் அங்கே துஆக் கேட்டுப் பிரார்த்திக்க ஒரு பட்டியலும், பேரீச்சம்பழத்துக்கு ஒரு பட்டியலும் என் சட்டைப்பையில் சேர்ந்துவிட்டன. யாரோ ஒருவர் மக்காவின் புனித ஸம்ஸம் தண்ணீருக்கு வெறும் போத்தலும் தந்திருந்தார்.

"பொய் சொன்னது வாய், சமைச்சது ஊர், கழுவுற சட்டி என்ட" என்றாள் மனைவி. வருகிற சாப்பாட்டை அவள் தன் தங்கை வீட்டுக்கும் மதரசாவுக்கும் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் மச்சான் வீட்டில் தப்ப முடியவில்லை. அவர் என் மனைவியின் மூத்த சகோதரர். சஹன் என்ற பெரிய தட்டில் புரியாணியை நிரப்பி, என்னையும் சேர்த்து ஆறு பேரைச் சுற்றி இருத்தினார். சஹனில் ஒரு வசதி இருக்கிறது: ஆறு கை போகும் இடத்தில் எந்தக் கை சும்மா போய் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. மூன்று விரலால் சோற்றைக் கிளறி, கிளறி, அப்படியே வைத்தேன். கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டிருக்கையில் வட்டிலப்பம் வந்தது. அதை ஆளுக்கொரு கிண்ணத்தில் வைத்தார்கள். அதில் ஒளிய இடமில்லை. ஒரு கரண்டி என்று தொடங்கினேன். தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, முட்டை, ஏலம். வைத்தியர் கூடாது என்று சொன்னவற்றில் சோறு தவிர அத்தனையும் ஒரே கிண்ணத்தில் சமாதானமாக இருந்தன. முழுவதும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பானத்தை நீட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள். பானத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான். அன்று ஈரல் இருக்கும் இடத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தேன், பெரிதாகிவிட்டதா என்று.

அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவருக்கு ஒலுவில் துறைமுகத்தில் ஒரு படகு இருக்கிறது. மீன் பெட்டி கழுவிய தண்ணீர் எங்கள் வாசலால் ஓடுகிறது என்று மூன்று வருடமாக நாங்கள் கதைப்பதில்லை. கையில் ஒரு பெரிய பாரை மீனோடு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். மீனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கதிரை நுனியில் இருந்தார்.

தண்ணி விஷயத்தில் தன்னில்தான் பிழை, மாப்புத் தர வேண்டும் என்றார். நானும் கேட்டேன். பிறகு கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார்.

"சேர், கஃபாவக் காணக்குள்ள என்ட கடைசி மகனுக்கு ஒரு துஆக் கேளுங்க. மூணு வயசாகுது. இன்னும் ஒரு சொல்லுக் கதைக்கிறானில்ல."

இந்த வீதியில் எத்தனை பேர் எத்தனையோ கேட்டார்கள், வெளிநாட்டு வேலை, மகளுக்கு மாப்பிள்ளை, முழங்கால் வலி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இதற்கு என்னால் தலையாட்ட முடியவில்லை.

"நான் மக்காக்குப் போகல்ல" என்றேன். "மெட்ராஸுக்குப் போறன். வயித்த வெட்டிச் சின்னனாக்க."

அவர் நிமிர்ந்தார். கரைக்கு வந்த மீனைத் தூக்காமலே நிறை சொல்லக்கூடிய மனிதர். அந்தக் கண்ணால் என் வயிற்றை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை பார்த்தார்.

"எவ்வளவ எடுப்பாங்க?"

"முக்கால்வாசி."

"எடுத்தத என்ன செய்வாங்க சேர்?"

அந்தக் கேள்வியை வைத்தியரிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. முதலில் சிரித்தது அவர்தான். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "துஆவ மெட்ராஸில இருந்து கேட்டாலும் அல்லாஹ்க்குக் கேக்கும்" என்றார். மீனைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்படியும், நான் தொட்டால் தனக்குச் செய்தி வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் நான் மறுபடியும் வீடு வீடாகப் போனேன். போன தடவை தெரிந்தும் தெரியாமலும் என்று கேட்டேன். இந்த முறை குற்றம் தெளிவாக இருந்தது: உங்களை ஏமாற்றி உங்கள் சோற்றை வாங்கினேன். துண்டுப் பட்டியல்களைத் திருப்பிக் கொடுத்தேன், போத்தலையும் கொடுத்தேன். சிலர் கோபித்தார்கள். பள்ளிவாசல் படியில் கையைப் பிடித்தவர், அதைத் தான் ஊருக்கெல்லாம் சொன்னதற்குத் தன் முகம் என்ன ஆவது என்று கேட்டார். அது நியாயம். மச்சான் மட்டும் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த வட்டிலப்பத்தையும் வெட்டித்தான் எடுக்கப் போறாங்களா?" என்றார். அதற்குப் பிறகு வீதியில் என்னைப் பார்க்கிறவர்கள் ஸலாம் சொல்லிவிட்டு, கண்ணை வயிற்றுக்குக் கொண்டுபோய், எத்தனை நாள் மிச்சம் என்று கேட்டார்கள். சாப்பாடு வருவது நின்றது. ஒரு வீட்டிலிருந்து எண்ணெய் வடித்த சூப் வந்தது. மகள் அதை முகர்ந்து பார்த்து அனுமதித்தாள்.

அன்றிலிருந்து ஒரு பருக்கை தொடவில்லை. கோபம் வந்தது, தலை இடித்தது, பாடசாலையில் ஒரு நாள் ஐந்து நிமிடம் முன்னரே மணியடிக்கச் சொன்னேன். குழாயில் இரண்டாவது பந்து எழும்பத் தொடங்கியது.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வேன் வாசலில் நின்றபோது எல்லோரும் வெளியே இருந்தார்கள். மகள் உள்ளே என் மருந்துப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டு வெட்டியிருந்தார்கள். அந்தக் கை மற்றக் கையைவிட வெளிறி, மெலிந்து இருந்தது. ஊரிலுள்ள அத்தனை பேரிடமும் இரண்டு இரண்டு தடவை மாப்புக் கேட்ட நான் அவளிடம் ஒரு தடவையும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. அவளிடம் கேட்பதற்கு வார்த்தை எனக்கு வரவில்லை, அதனால்தான் ஊரைச் சுற்றினேனோ என்னவோ.

"மகள், அண்டைக்கு ரோட்டில..." என்றேன். "மாப்புத் தாங்க மகள்."

பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

"தரமாட்டன்."

பையின் வாரை இழுத்துச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்பத் தந்தா நீங்க நிம்மதியாக் கண்ண மூடி மௌத்தாப் போயிருவீங்க. வந்து கேளுங்க வாப்பா."

பையை என் தோளில் மாட்டிவிட்டு வேன் வரைக்கும் வந்தாள். மனைவி எனக்கு முன்னமே ஏறி ஜன்னல் ஓரத்தைப் பிடித்துவிட்டாள்.

இன்று காலை சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த வைத்தியர், ஈரல் சுருங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கலாம், ஆனால் செய்யலாம் என்றார். நாளை மறுநாள் காலை முதலாவது ஆள் நான். பிறகு ஒரு படிவம் தந்தார்கள், என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்று வரிசையாக எழுதியது. ஒவ்வொரு வரியையும் வாசித்தேன், அது ஆசிரியத் தொழிலின் கெட்ட பழக்கம். கையெழுத்துப் போடும் முன்னர் வெளியே வந்து மகளுக்கு அழைத்தேன். அங்கே அவள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள், இரைச்சலாக இருந்தது. ஈரல் சுருங்கிவிட்டது என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றாள். சரி, மற்றது, என்று நான் மெதுவாக இழுத்தேன்.

"இன்னும் இல்ல" என்றாள். பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன்.