சுந்தர்ராஜ் அன்று டியூட்டியில் இருந்தானா

மெஷின் ஷாப்பில் முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னை யாரும் மெஷின் பக்கம் விடவில்லை. ஹைதராபாத்தில் புதிதாக எழுந்திருந்த மத்திய அரசுத் தொழிற்சாலை அது. கேட்டில் டோக்கன் கொடுத்தார்கள், நீலச் சட்டை கொடுத்தார்கள், மெஷின் ஷாப் ஹெல்ப்பர் என்று பெயர் போட்டார்கள். ஃபோர்மேன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஃபுட்பால் ஆடுகிறவன் இங்கே நின்று கையை வெட்டிக்கொண்டால் தனக்குத்தான் கெட்ட பெயர், மத்தியானம் நேராக கிரவுண்டுக்குப் போய்விடு என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஆட வருகிறவர்களுக்கு கிளப், கான்ட்ராக்ட் எல்லாம் இருக்கிறது. எங்கள் காலத்தில் ஃபுட்பால் ஆடிப் பிழைப்பது என்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டாதான். காலையில் ஷாப், பிறகு பிராக்டிஸ். டோர்னமெண்ட் நாட்களில் ஸ்பெஷல் லீவ். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த என் அப்பாவுக்கு நான் எந்த டீமில் ஆடுகிறேன் என்பதில் அக்கறையில்லை. பையனுக்கு பர்மனென்ட் வேலை கிடைத்துவிட்டது என்று சர்ச்சில் பூசை கொடுத்தார்.

எங்கள் பங்கு வேலையை மற்றவர்கள்தான் செய்தார்கள். ஜெயித்தால் தோளில் தூக்கினார்கள். தோற்றால் மறுநாள் ஷாப்பில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதில் தப்பும் இல்லை.

பின்னாலிருந்து வரும் குரல்

நான் ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். எனக்குப் பின்னால் கோலில் நின்றவன் சுந்தர்ராஜ். லோத்குண்டாக்காரன். அவன் அப்பா கன்டோன்மென்டில் வேலை பார்த்தவர். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வெளியே தெலுங்கும் தக்கனி உருதுவும் கலந்த பேச்சு. நல்ல உயரம், பெரிய கை, பேச்சை நிறுத்தாத வாய்.

கோல்கீப்பருக்கு வாய் வேண்டும் என்று எங்கள் கோச் காதர் சாப் சொல்வார். ஸ்டாப்பருக்கு முதுகில் கண் கிடையாது. முதுகுக்குப் பின்னால் எவன் ஓடி வருகிறான் என்று கீப்பர்தான் சொல்ல வேண்டும். சுந்தர்ராஜ் ஆட்டம் முழுக்க என் பேரைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பான். "சாமி, லெஃப்ட்ல ஒருத்தன். விடு, என் பால். ஹவ், ஆமா, அப்படித்தான்." பால் எதிர் கோல் பக்கம் இருக்கும்போதுகூட சும்மா இருக்க மாட்டான். மத்தியானம் கேன்டீனில் போட்ட சாம்பாரைப் பற்றி ஏதாவது சொல்வான். ஐந்தாறு வருஷம் அந்தக் குரலை நம்பித்தான் நான் ஆடினேன்.

அந்த செமி ஃபைனல்

அரசுத் தொழிற்சாலைகளுக்குள் நடந்த ஒரு டோர்னமெண்ட். ஆட்டம் சிக்கந்தராபாத்தில். பந்தலில் எங்கள் ஜெனரல் மேனேஜர் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். டீம் மேனேஜர் நாராயணன், பர்சனல் டிபார்ட்மெண்ட் அதிகாரி, தார்நாகாவில் வீடு. கெட்ட மனிதர் இல்லை. என் தங்கை கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர். ஆனால் ஜி.எம். முன்னால் மட்டும் எதற்கும் தலையாட்டிவிடுவார்.

முதல் பாதியில் ஒரு கார்னர். பாலைப் பிடிக்க சுந்தர்ராஜ் எகிறினான். எதிர் டீமின் சென்டர் ஃபார்வர்டும் எகிறினான். அவன் முழங்கால் சுந்தர்ராஜின் பொட்டில் இடித்தது. சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவன் பாலை மட்டும் விடவில்லை.

தண்ணீர் தெளித்து, ஈரத்துண்டைத் தலையில் வைத்தார்கள். எழுந்து நின்றான். "டேய், பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லலே. நீ போ."

போனேன். ஆட்டம் தொடர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பின்னாலிருந்து குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றிருந்தான்.

ஹாஃப் டைமில் எங்களோடு வராமல் எதிர் டீம் உட்கார்ந்திருந்த பக்கம் நடந்தான். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். என் காதோரம் மெதுவாகக் கேட்டான்.

"சாமி, நம்ம கோல் எது லே?"

காதர் சாப்பிடம் சொன்னேன். அவர் நாராயணனிடம் போய், "நக்கோ சாப், நக்கோ" என்று, வேண்டாம் எனத் தலையை ஆட்டினார். அவனை உட்கார வைத்துவிடலாம், ரிசர்வ் கீப்பர் ரெடியாக இருக்கிறான் என்றார். ரிசர்வ் கீப்பர் புதியவன். நாராயணன் பந்தல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு சுந்தர்ராஜின் எதிரில் குனிந்து, "என்னப்பா, ஆடறியா?" என்று கேட்டார்.

"ஆடறேன் சார்."

"அவனே சொல்றான், பாருங்க" என்றார் நாராயணன்.

இரண்டாம் பாதியில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒரு கோலும் விடவில்லை. உடம்பு பழக்கத்தில் பாலை நோக்கிப் பாய்ந்தது. ஒரே ஒரு கோலில் ஜெயித்தோம். ஜி.எம். இறங்கி வந்து அவன் முதுகில் தட்டினார். அவர் அந்தப் பக்கம் போனதும் கோல் வலைக்குப் பின்னால் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் இல்லை. கம்பவுண்டர் மாத்திரை கொடுத்து, வெயில் என்றார். நான்தான் லோத்குண்டாவுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் அவன் மனைவி கிரேஸைப் பார்த்து, ஜெயிச்சிட்டோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தான். காலையில் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, நேற்றே கொண்டுவந்திருக்கலாமே என்றார் அங்கிருந்த டாக்டர். ஃபைனல் நடக்கும் முன்பே செத்துப்போனான். கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஃபைனல் ஆடி, தோற்றோம்.

விசாரணை

வேலை நேரத்தில் செத்தால் மனைவிக்கு வேலை உண்டு, அது உரிமை. இதில் சந்தேகமே இல்லை என்று நாங்கள் நினைத்தோம். ஆஃபீஸ் வேறு மாதிரி சொன்னது. சுந்தர்ராஜ் அன்று ஸ்பெஷல் லீவில் இருந்தான். லீவில் இருந்தவன் டியூட்டியில் இருந்தவன் ஆக மாட்டான். போதாததற்கு, நன்றாக இருந்தவன் தானாகவே ஆட விரும்பினான்.

விசாரணைக்கு முந்தின நாள் நாராயணன் என்னைக் கூப்பிட்டார். அவர் முகம் வாடியிருந்தது. டீ வரவழைத்தார்.

"சாமி, நீ ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும். ஹாஃப் டைம்ல அவன் நார்மலா இருந்தான். நீதான பக்கத்துல இருந்த."

"கோல் எதுன்னு கேட்டான் சார்."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். சொன்னா செத்தவன் திரும்பி வருவானா? எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்குப்பா."

காதர் சாப் தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டார். அவர் வருஷா வருஷம் கான்ட்ராக்டில் ஓடிக்கொண்டிருந்தவர், கல்யாண வயதில் பெண்கள் இருந்தார்கள். அவரை நான் குறை சொல்லவில்லை. நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். அதற்குமேல் கேள்வி எதுவும் இல்லை.

அடுத்த சீசன் கேம்ப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு முப்பதுகூட ஆகவில்லை, காலில் ஒரு குறையும் இல்லை. ஃபவுண்டரிக்கு மாற்றினார்கள். அச்சிலிருந்து வந்த இரும்பின் பிசிறுகளைக் கிரைண்டரில் தேய்க்கும் வேலை. இரும்புத் தூள் மூக்குக்குள் போய் எச்சில் கறுப்பாக வரும். பால் பார்ட்டிக்கு இப்போதாவது வேலை தெரிகிறதா என்று ஒரு சீனியர் கேட்டான். மூன்று மாதம் வேண்டாவெறுப்பாகத் தேய்த்தேன். பிறகு வேலையைக் கற்றுக்கொண்டேன். கிரவுண்டிலிருந்து விசில் சத்தம் ஃபவுண்டரி வரைக்கும் கேட்கும். அந்த நேரத்தில் கிரைண்டரைப் போட்டுவிடுவேன்.

யூனியன் விடாமல் கேட்டதில் கிரேஸுக்கு கேன்டீனில் வேலை கிடைத்தது. டியூட்டி என்ற வார்த்தையை ஆஃபீஸ் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. கருணை அடிப்படையில் என்றார்கள். முதல் நாள் சாதம் போட்டுக்கொண்டிருந்த கிரேஸின் எதிரில் தட்டோடு போய் நின்றேன். எப்படியோ வேலை வந்துவிட்டதே என்றேன்.

"பாவம்னு குடுத்தாங்க அண்ணா" என்றது அந்தப் பெண். "அவர் வேலை செஞ்சு செத்தார்னு ஒருத்தரும் சொல்லல."

பின்னால் வரிசை நின்றது. தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

நான் மேனேஜராக இருந்தபோது

நாராயணன் ரிடயர் ஆன பிறகு, எத்தனையோ வருஷம் கழித்து, டீமைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் என்னையே கூப்பிட்டார்கள். ஒரு ஃபைனலில் என் சென்டர் ஹாஃப் இன்னொருவனோடு தலை மோதி விழுந்தான். எழுந்து ஓடினான். நான் அவனை வெளியே எடுத்தேன். வந்தவன், "எனக்கு ஒண்ணும் இல்ல சார், கைக்கு சார், ஏன் எடுத்தீங்க?" என்று எல்லோர் முன்னிலும் கத்தினான். ஏன் எடுத்தாய் என்று பந்தலிலிருந்தும் ஆள் வந்தது. அவனுக்குப் பதில் இறங்கியவன் பக்கமாகவே கோல் விழுந்து தோற்றோம். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். அவன் தலையில் ஒன்றுமே இல்லை. வேண்டுமென்றே கப்பை விட்டுக் கொடுத்தேன் என்று ஷாப்பில் பேசினார்கள். அந்த டீமில் அதுவே எனக்குக் கடைசி வருஷம்.

ஆடுகிறவர்களுக்கும் டீம் நடத்துகிறவர்களுக்கும் நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். காலில் அடிபட்டவனிடம் கேளுங்கள், எங்கே வலிக்கிறது என்று அவன் சொல்வான். தலையில் அடிபட்டவனிடம் கேட்காதீர்கள். ஆடுகிறேன் என்றுதான் சொல்வான், அவன் பிழைப்பு அது. பதில் சொல்ல வேண்டியவன் அவன் இல்லை. வெளியே, அடிபடாத தலையோடு நிற்கிறவன்தான்.