பெடலில் இறங்கிய தாளம்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் தையல் லைனில் செக்கிங் வேலை பார்ப்பவன் நவநீதன். ஆள் நல்லவன்தான், ஒரே ஒரு வியாதி. பாட்டு என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், 'பேல் ஃபெர்ரி' என்று ஆரம்பித்துவிடுவான். கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு சின்ன இசைக்குழு அது. கம்ப்யூட்டரிலும் கீபோர்டிலும் பிறக்கிற, அவசரமே இல்லாத எலக்ட்ரானிக் இசை. பாடுகிற குரலே அபூர்வம். பாலிடெக்னிக் படிக்கும்போது காதில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

புதிதாகக் கேட்பவர்களுக்கென்று அவனிடம் ஒரு வரிசைகூட உண்டு. முதலில் 'ரூஃப்டாப்' ஆல்பம். அதில் தாளம் கொஞ்சம் துள்ளும், பழகாத காதும் ஒட்டிக்கொள்ளும். அது பிடித்தால் 'கிளாஸ் ரிவர்'. 'விண்டர் கேபிள்' ஆல்பத்தை மட்டும் எடுத்த எடுப்பில் தொடவே கூடாது. அது அவனுடைய உயிர்தான், ஆனால் ஆமை வேகம். இதையெல்லாம் கேன்டீனில் கட்டிங் செக்‌ஷன் ஆபித் பாஷாவிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். தூங்க வைக்கிற பாட்டை வேலை செய்கிற இடத்தில் பேசாதே என்று அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஒருவர், ஒரே ஒருவர் வந்து 'எதைக் கேட்கட்டும்' என்று கேட்டால் போதும். அவன் ஆசை அவ்வளவுதான்.

லைனில் ஸ்பீக்கர் உண்டு. குத்துப்பாட்டு ஓடினால் கை வேகமாகும் என்று கம்பெனியே மாட்டி வைத்தது. பாட்டுப் போடுகிறவர் ஒரு வெள்ளிக்கிழமை லீவு எடுக்க, அந்தப் பொறுப்பு நவநீதனிடம் வந்து சேர்ந்தது. ஊருக்கெல்லாம் சொன்ன வரிசையை அவனே மீறினான். மதியச் சாப்பாடு முடிந்து மிஷின்கள் ஓடத் தொடங்கியதும், ஆசை தாங்காமல் 'விண்டர் கேபிளை'ப் போட்டுவிட்டான்.

முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். பிறகு தையலில் ஆழ்ந்துவிட்டார்கள். குனிந்து பார்த்தான். தையல் பெண்களின் கால்கள் பெடலில் அந்தத் தாளத்தோடு இறங்கி, அந்தத் தாளத்தோடு ஏறின. கடைசி மிஷினில் பிரிசில்லா தலையைக்கூட லேசாக ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு லைனே தன் குழுவைக் கேட்கிறதே என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆல்பம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான், மடையன்.

பெடல் மெதுவானால் ஊசியும் மெதுவாகும். இது லைனில் நிற்பவனுக்குத் தெரியாதா? தைத்து முடித்து அவன் மேசைக்கு வரவேண்டிய ஷூ மேல்பாகங்கள் குறைந்துகொண்டே போனதைக்கூட, பாட்டுக் கேட்க நேரம் கிடைத்தது என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் டார்கெட் எட்டவில்லை. முடித்துக் கொடுத்தால்தான் கம்பெனி பஸ் கிளம்பும் என்றார் புளோர் மேனேஜர். அன்றைக்குப் பிரிசில்லாவின் மகள் பள்ளி ஆண்டு விழாவில் ஆடுகிறாள். காலையிலிருந்து லைன் முழுக்க அதே பேச்சு. அதற்கென்றே நல்ல புடவை கட்டி வந்திருந்தாள்.

ஏன் இவ்வளவு கம்மி என்று மேனேஜர் கத்தியபோதுதான் நவநீதனுக்கு உறைத்தது. நான் போட்ட பாட்டு சார் என்று சொல்லியிருக்கலாம். அவனோ மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான்தான் சார். கை வலி, மெதுவா ஓட்டிட்டேன்" என்றாள் பிரிசில்லா.

விழா நினைப்பில் வேலையைக் கோட்டை விட்டாயா, புடவையைப் பார் என்று எல்லார் முன்னாலும் அவர் பேசிய பேச்சை அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். நவநீதன் தன் மேசையில் குறையே இல்லாத ஒரு மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் கிளம்பும்போது விழா முடிந்திருந்தது.

வீட்டில் அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன் எல்லாரும் போனை வைக்கும் அலமாரிப் பக்கம் அவளுக்காகக் காத்து நின்றான். "அக்கா, நேத்து..." என்று இழுத்தான்.

"தெரியும் தம்பி. பாட்டுன்னு சொன்னா ஸ்பீக்கரையே கழட்டிடுவாங்க. அப்புறம் நாள் முச்சூடும் மிஷின் சத்தத்தையா கேக்கறது? உடு."

மகள் ஆடியதைப் பக்கத்து வீட்டுக்காரி போனில் பிடித்து வந்தாளாம். அதில் பிள்ளை பாதி ஆட்டத்தில் நின்று கூட்டத்தில் யாரையோ தேடுகிறதாம். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். அப்புறம் போனை அவன் பக்கம் நீட்டினாள்.

"அந்தப் பாட்டு பேரு இன்னா தம்பி? மனசுக்கு எதமா இருந்திச்சி. பாப்பா அழுதுனே கெடக்கறா, போட்டு உடலாம்னு. எதுலருந்து ஆரம்பிக்கணும்?"

இத்தனை வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்த பதில். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது.

"தெரிலக்கா. யாரோ வாட்ஸப்ல அனுப்பனது" என்றான்.

பிரிசில்லா அதை நம்பினாள்.

"அப்டியா? அனுப்பனவங்களுக்கு நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லு தம்பி."