பாண்காரன் வீட்டுச் சாப்பாடு

லோஜினியின் புருசன் பஸ்தியான் கற்பிட்டியில் சூன் பாண் என்ற பேக்கரி ஆட்டோ ஓட்டுகிறவன். பாட்டுப் போட்டபடி அவனுடைய ஆட்டோ ஒழுங்கை ஒழுங்கையாகப் பாணும் பனிசும் விற்றுக்கொண்டு போகும். விற்காமல் மிஞ்சியது பின்னேரம் வீட்டுக்கு வரும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்திருந்த தாயும் சகோதரங்களும் சண்டை ஓய்ந்து வன்னிக்குத் திரும்பிய பிறகு லோஜினிக்குப் பேச்சுத்துணை குறைவு. தேத்தண்ணிக்கு ஒரு சீனிப் பனிஸ், அது முடிய இன்னொன்று என்று பொழுது போனது.

மாதவிடாய் முதலில் பிந்தியது. பிறகு மாதக்கணக்காக வராமலே நின்றது. உடம்பு ஊதியது. முகத்தில், நாடியோரம் முளைத்த முடியைக் கதவைச் சாத்திக்கொண்டு பிடுங்கினாள். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள். ஒன்றும் மாறாதபோதுதான் கிளினிக்குக்குப் போனாள்.

ஸ்கேனைப் பார்த்த டொக்டர் அம்மா ஆறுதலாகச் சொன்னார்: “இதை பீசீஓஎஸ் எண்டு சொல்லுவம். ஹோர்மோன் குழப்பம். கனபேருக்கு இருக்கு, பயப்பட வேண்டாம். குளிசையை ஒழுங்காப் போடுங்கோ. கோதுமை மா, சீனியைக் குறைச்சு, ஒவ்வொரு நாளும் நடவுங்கோ.”

பாண்காரன் பெண்சாதி பாணை வேண்டாம் என்று எப்படிச் சொல்லுவது? யோசித்து யோசித்துக் கடைசியில் சொல்லிவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, டொக்டர் எனக்குப் பாண், பனிஸ் கூடாதெண்டிட்டா. மிச்சத்தை இனி வீட்ட கொண்டு வராதேங்கோ.”

“ஏன், நான் விக்கிறது பழுதோ? ஊர் முழுக்கத் தின்னுது, உனக்குத்தான் கூடாதோ?”

அவன் முகம் சுருங்கிவிட்டது. மறுநாளும் மிச்சப் பாண் பை மேசைக்கு வந்தது.

லோஜினி சண்டை பிடிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கடற்கரையோரம் நடந்து, கருவாடு காயவைக்கும் வாடியில் வேலை செய்யும் நஃபீஸாவிடம் கொடுத்தாள். அங்கே நின்ற பெண்கள் பகிர்ந்து தின்றார்கள். அடுத்த நாளும் போனாள். பிறகு அதுவே பழக்கமாயிற்று.

“நீங்க மட்டும் தின்னாம நிக்கிறீங்களே, ஏன் புள்ள?” என்று ஒருநாள் நஃபீஸா கேட்டாள். வெளியில் யாருக்கும் சொல்லாததை லோஜினி அன்றுதான் சொன்னாள்.

“அல்லாஹ்வே, என்ட மகளுக்கும் இதே வருத்தந்தான். வெட்கத்தில வெளியில இறங்கிறாள் இல்ல. நாளைக்கு அவளையும் கூட்டிட்டு வாறன், ரெண்டு பேரும் சேர்ந்து நடங்க. கருஞ்சீரகமும் தாறன், நல்ல மருந்து.”

அடுத்த கிளினிக்குக்கு, டொக்டர் வாயாலேயே கேட்கவென்று பஸ்தியானும் கூடவே வந்தான். கருஞ்சீரகத்தைப் பற்றி லோஜினி கேட்டாள்.

“சமையலில போடுற அளவெண்டால் பரவாயில்லை. அதை நம்பிக் குளிசையையும் நடையையும் விட்டுடாதேங்கோ,” என்றார் டொக்டர்.

திரும்பி வந்ததும் உள்ளே போகாமல் பஸ்தியான் வீட்டுப் படலையடியில் நின்று கேட்டான்: “நான்தானோ உனக்கு இந்த வருத்தத்தைக் கொண்டு வந்தனான்?”

“விசர்க் கதை கதையாதேங்கோ. இது உடம்போட வந்த குழப்பம். பனிஸ் இல்லாட்டியும் வந்திருக்கும்.”

அதன்பிறகு பை வீட்டுக்குள் வரவில்லை. வரும் வழியிலேயே அவன் அதை வாடியில் இறக்கிவிட்டு வந்தான். லோஜினி வெறுங்கையோடு நஃபீஸாவின் மகளுடன் நடந்தாள். இரவுச் சாப்பாடு குரக்கன் என்ற கேழ்வரகுப் பிட்டும் மீன் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் என்றானது. முதலில் முணுமுணுத்த பஸ்தியானும் பிறகு மறுதரம் கேட்டு வாங்கத் தொடங்கினான்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் மாதவிடாய் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தவள் தன்னையறியாமல் சிரித்தாள். அடுத்த மாதமும் வந்தது, அதற்கடுத்தது பிந்தியது. நாடியில் முடி முழுக்கப் போகவில்லை. பிள்ளை எப்போது என்று கேட்பவர்களும் கேட்டபடிதான். முன்பென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். இப்போது, “மருந்து எடுக்கிறன் அக்கா, பாப்பம்,” என்று சொல்லிவிட்டு நின்று கதைக்கிறாள்.