அப்பா படத்தில் இருக்கிறாரா?

இந்த நாட்டில் முருங்கைக்காய் வாங்கப் போனாலும் பிள்ளை எந்தக் கல்லூரி என்று சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். சான்டா கிளாராவில் நான் வழக்கமாகப் போகும் இந்தியக் கடையில் தெரிந்த முகம் ஏதாவது நின்று கேட்கும். "கம்யூனிட்டி காலேஜ்" என்று நான் சொன்னதும் துக்கம் விசாரிக்க வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்ளும். "பரவால்ல விடுங்க, அங்கயும் படிக்கலாம்." படிக்கலாம்தான். குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு, மீதிக்கு நல்ல பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். இது அவர்களுக்கும் தெரியும். ஆனால் பிள்ளையின் கல்லூரிப் பெயரைக் கார் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு திரியும் கூட்டத்துக்கு, ஒட்டிக் காட்ட முடியாத படிப்பு படிப்பே இல்லை.

என் மகள் நிலாவை ஒரு தனியார் பல்கலைக்கழகம் மூன்றாம் வருடத்தில் சேர்த்துக்கொண்டது. அங்கே கட்டணம் என் சம்பளத்தைவிடப் பெரிது. ஆனால் வசதியில்லாதவர்களுக்கு அவர்களே உதவித்தொகை தருகிறார்கள். அதற்குப் பெற்றோர் இருவருடைய வருமான விவரமும் வேண்டும். நிலாவின் அப்பா பரந்தாமன், அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே எங்களை விட்டுப் போனவர். டெக்சாஸில், பேர்லேண்டில், வேறு குடும்பத்தோடு பெரிய வீட்டில் இருக்கிறார். மகளுக்கு ஒரு பென்சில்கூட வாங்கித் தந்ததில்லை.

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞன் தொலைபேசியில் அழைத்தான். "இஸ் த ஃபாதர் இன் த பிக்சர்?" என்றான். கல்யாண ஆல்பம் முழுக்க அவர்தானே இருக்கிறார்! எதற்குக் கேட்கிறான் என்று புரியாமலேயே "யெஸ், யெஸ்" என்றேன். சில நாளில், அப்பாவின் வருமான விவரத்தை அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. நிலா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா, ஹி வாஸ் ஆஸ்கிங் இஃப் ஹீஸ் இன் அவர் லைஃப்!" இத்தனை வருடமாக இந்த நாட்டு ஆங்கிலத்தில் குப்பை கொட்டுகிறேன், படம் என்றால் வாழ்க்கை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பரந்தாமனுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது, எழுத்துப் பிழையே இல்லாத தமிழில்: "அவளைக் கம்யூனிட்டி காலேஜில் சேர்த்தது நீ. மேற்கொண்டும் நீயே பார்த்துக்கொள்." அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுக்கும் வள்ளல் என்று அந்த ஊரில் அவருக்குப் பெயராம்.

மிச்சமிருந்தது ஒரே வழி. அந்த மனிதர் எங்களோடு தொடர்பில் இல்லை என்று, உறவினர் அல்லாத ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இங்குள்ள தமிழர் அமைப்பொன்றில் பெரிய மனிதர் சுந்தரேசன் அங்கிள். பரந்தாமன் கிளம்பிப்போன சமயத்தில், ஆறுதல் சொல்கிறேன் என்று ஒரு டப்பா சாம்பாரோடு வந்து முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் போனவர். லிவர்மோர் கோவிலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரைப் பிடித்தேன்.

"அங்கிள், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நாலு வரி எழுதிக் குடுங்க, போதும்."

"தெரியும்மா. ஆனா பரந்தாமன் எனக்கும் ஃப்ரெண்டு. நாளைக்கு லீகலா ஏதாவது ப்ராப்ளம் வந்துச்சுன்னா? ஃபேமிலி மேட்டர்ல நான் சைன் பண்ணினா நல்லாவா இருக்கும்?"

சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தில் ஊறுகாயைப் பிசைந்தார். அடுத்து நான் கேட்டவர், தன் கிரீன் கார்டு இன்னும் வரவில்லை என்று காரணம் சொன்னார். என் மகளின் படிப்புக்கும் அவருடைய கிரீன் கார்டுக்கும் என்ன முடிச்சோ, அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

திருச்சியில் நான் கல்லூரியில் சேர்ந்தபோது சான்றிதழ் நகல்களுக்கு அரசு அதிகாரி ஒருவரின் கையெழுத்து தேவைப்பட்டது. முன்பின் தெரியாத வேளாண்துறை அதிகாரி ஒருவர், மூலத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், பச்சை மையில் வரிசையாகப் போட்டுத் தள்ளினார். பொறுப்பில்லாத மனிதர்தான். ஆனால் என்னைக் கண்டு அவர் பயப்படவில்லை. இங்கே என் அடுப்படிவரை தெரிந்தவர்களுக்குப் பேனாவைத் தொடப் பயம்.

கடைசியில் நிலாவுக்குக் கம்யூனிட்டி கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய லிண்டாவிடம் போனோம். விளக்க ஆரம்பித்த நான் பாதியில் அழுதுவிட்டேன். அவர் நிலாவைத்தான் பார்த்தார். "நீ அப்பாவைப் பற்றிப் பேசி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதட்டுமா?" என்று அவர் மொழியில் கேட்டார். அன்று மாலையே எழுதி அனுப்பிவிட்டார். உதவித்தொகை கிடைத்தது, கட்டணத்தில் பெரும்பகுதி கழிந்தது.

செய்தி பரவியதும் சுந்தரேசன் அங்கிளே போன் செய்தார். "நம்ம பொண்ணும்மா! ஆனுவல் டேல ஸ்டேஜுக்குக் கூப்பிட்டு ஷால் போடுறோம். பரந்தாமன் மகள்னு இன்விடேஷன்ல அடிச்சாச்சு."

பக்கத்தில் இருந்த நிலா, "டெல் ஹிம் ஐ ஹேவ் ஒர்க்" என்றாள்.

"அவளுக்கு அன்னிக்கு வேலை இருக்காம் அங்கிள். ஷாலை நீங்களே போட்டுக்குங்க" என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட்டில் அவளைப் பல்கலைக்கழக விடுதியில் விடப் போனேன். வரவேற்பு மேசையில் ஒரு பெண் "மிஸ் பரந்தாமன்!" என்று நாக்கு முறிய அழைத்தாள். ஊரில் அது பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, ஒரு புள்ளி, அவ்வளவுதான். இங்கே அந்த எழுத்து முழு ஆளாக வளர்ந்து அவளுடைய அடையாள அட்டையிலும் என் ஓட்டுநர் உரிமத்திலும் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெண் இன்னொரு முறை உரக்க அழைத்தாள். நானும் நிலாவும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினோம்.