மேடேறிப் போன மஞ்சள் கோடு

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. துறைமுகத்து டீக்கடைக்காரரிலிருந்து அலுவலகத்தில் இருக்கும் மேலதிகாரி வரைக்கும் எல்லோருக்கும் அவர் ‘மஞ்சக்கோடு’தான்.

கடலோரப் பாறைகளின் மேல் நடக்கிறவர்களுக்கென்று ஒரு பாதை இருக்கிறது. காலையில் துறைமுகத்தில் கிளம்பினால், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் புல்வெளியுமாக நாள் முழுக்க நடந்து, சாயங்காலம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள பஸ் நிறுத்தத்தில் முடிக்கலாம். வழி தப்பாமல் இருக்கக் கல்லிலும் கம்பத்திலும் இரண்டு மஞ்சள் கோடுகள் இருக்கும். அவற்றைப் போடுகிறவர், அழியாமல் பார்த்துக்கொள்கிறவர், மறைக்கும் புதரை வெட்டுகிறவர் எல்லாம் அவர் ஒருவர்தான்.

முன்பு தார்ச்சாலையில் கோடு போடும் கூட்டத்தில் இருந்தார். லாரியும் கூச்சலும், பின்னால் பொறுமையில்லாமல் ஹாரன் அடிக்கும் கார்களும், மதியம் மர நிழலில் சீட்டுக்கட்டும் கேலியுமாக ஓடிய காலம் அது. இடுப்பு மக்கர் செய்ததும், பாரம் தூக்காத வேலை என்று சொல்லி இங்கே மாற்றிவிட்டார்கள். இங்கே பாரம் இல்லைதான். ஒரு டின் பெயின்ட், ஒரு பிரஷ், பாசி சுரண்டக் கம்பி பிரஷ், ஓர் அரிவாள். பேச்சுத் துணைக்கு ஆளும் இல்லை.

வேலையில் கெட்டிக்காரர். கோடு போடுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம், போட்டுப் பாருங்கள் என்பார். போகிறவருக்கு மட்டும் போட்டுவிட்டு, எதிர்த்திசையில் வருகிறவரை மறந்துவிடுவது புதிதாக வருகிற எல்லோரும் செய்யும் தப்பு. வழி பிரிகிற இடத்தில் ஒன்று போட்டால் மட்டும் போதாது. பிரிந்து கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று வேண்டும், ‘சரியாகத்தான் வந்திருக்கிறோம்’ என்று மனம் சமாதானமாக. போகக்கூடாத வழியின் தொடக்கத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு குறுக்குக் கோடு. அதைப் பார்த்தபிறகும் யாராவது தப்பாகப் போனால், குறி தெளிவாக இல்லை என்று அர்த்தம். தப்பு போட்டவருடையது.

அவர் வீடு கடலைவிட்டு உள்ளே தள்ளி, ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. சமையலறை, படுக்கையறை, வெளியே சுவரோடு ஒட்டி ஒரு மர பெஞ்சு. கதவுக்குப் பின்னால் ஆணியில் மனைவியின் குடை. மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று கடல் தாண்டிப் போன மனைவி அவர். பேத்தி பிறந்தாள். மகள் வேலைக்குத் திரும்பினாள். குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். அது நடக்கத் தொடங்குவதற்குள் பேரனும் வந்துவிட்டான். கோபம் இல்லை, சண்டை இல்லை. குடை மட்டும் ஆணியிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன். நீ?”

“ம். அங்க மழையா?”

“இல்ல. காத்துதான்.”

“சரிங்க.”

“சரி.”

இவ்வளவுதான். பேச ஏதாவது இருந்தால்தானே பேச? மனிதர் வாரம் முழுக்கப் பார்த்தது கல்லும் புல்லும். மனைவி வாரம் முழுக்கப் பார்த்தது பால் புட்டியும் துணி காயப்போடும் கொடியும். மகளும் மருமகனும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். அந்த ஊர்ப் பாஷை தெரியாது. அங்கேயும் ஆளில்லாத வீடுதான்.

அந்த வருஷம் அடித்த புயலில், பாதை முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பகுதி பாறையோடு கடலுக்குள் சரிந்தது. அதைச் சரிசெய்ய நாளாகும். அதுவரை மாற்றுவழி குறித்துவிடு என்று மேலதிகாரி சொன்னார். மாற்றுவழி கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. பக்கத்து மாட்டுப்பண்ணையின் முற்றத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால் சமதளம், கொஞ்ச தூரம், மறுபடியும் கடல். பண்ணைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதுதான்.

பெயின்ட் டின்னோடு பண்ணை கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார் மஞ்சக்கோடு. நிமிர்ந்து பார்த்தார். மேட்டின் உச்சியில் அவர் வீடு தெரிந்தது. அன்று மாலை அலுவலகத்துக்கு போன் செய்தார். “மாட்டுக்காரர் ஒத்துக்க மாட்டேங்கறார். மேட்டைச் சுத்தித்தான் விடணும்.” கேட்கவேயில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அப்படித்தான் மஞ்சள் கோடு மேடேறி, அவர் வீட்டு வாசலைத் தொட்டு, மறுபக்கம் சுற்றி இறங்கியது.

மேடேறி வருகிற எவருக்கும் மூச்சு வாங்கும். மூச்சு வாங்குகிறவர் பெஞ்சைக் கண்டால் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தவர் தண்ணீர் கேட்பார். அந்த நேரத்தில் டீயும் கொதித்திருந்தால் பேச்சு தானாக வரும். புதிதாகக் கல்யாணமாகி, வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வந்த ஜோடி. நடக்கச் சொன்னதற்காக டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்த நகைக்கடைக்காரர். அவர்களுடைய நேரத்துக்குத் தகுந்தபடி தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். மதியத்துக்குள் பாதை வேலையை முடித்துவிட்டு, வீட்டில் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை போன் நீண்டது.

“இந்த வாரம் யாரு வந்தா?” அவர் போனை எடுத்ததுமே மனைவி கேட்பார்.

“நகைக்கடைக்காரர் ஒருத்தர். அவர் டாக்டரைத் திட்டினதைக் கேட்டிருக்கணும் நீ.”

“இருங்க இருங்க, குழந்தையைத் தொட்டில்ல போட்டுட்டு வர்றேன். ஒண்ணு விடாம சொல்லணும்.”

அவர் நகைக்கடைக்காரரைப் போலவே மூச்சு வாங்கிக் காட்டுவார். அந்தப் பக்கம் மனைவி சிரிப்பார். ஒருநாள் சிரிப்பு அடங்கியதும் கேட்டார், “அது இருக்கட்டும், மாட்டுக்காரர் முற்றம் வழியா விட்டா கிட்டத்துல முடிஞ்சிருமே? எதுக்கு எல்லாரையும் மேடேத்தறீங்க?”

“அந்த ஆளு ஒத்துக்க மாட்டாரு.”

“கேட்டீங்களா?”

“என்னது? சரியா கேக்கல. லைன் விட்டு விட்டு வருது.”

மனைவி மறுபடி கேட்கவில்லை.

பாறை சரிந்த இடத்தை அதன்பிறகு யாரும் சரிசெய்ய வரவில்லை. மாற்றுவழியே நிரந்தரமாகிவிடும் போலிருந்தது. அப்போதுதான் ஒருநாள் பிற்பகலில் தனியாக ஒரு பெண் மேடேறி வந்தார். நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர். பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். குதிகால் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

“அண்ணே, இந்த வழியைப் போட்ட புண்ணியவான் யாருண்ணே?”

“ஏம்மா?”

“கையில கிடைச்சா ரெண்டு வார்த்தை கேக்கணும். கடலைப் பாக்க வந்தா மலையேத்தி விட்டிருக்கான். அவனுக்கு முழங்கால்னு ஒண்ணு இருக்கா, இல்ல கழட்டி வீட்டுல வச்சிருக்கானா?”

“மேலேர்ந்து பார்வை நல்லா இருக்கும்னு போட்டிருப்பாங்க.”

“நாக்கு வெளிய தள்ளினப்புறம் பார்வை எதுக்குண்ணே?”

அவர் சிரித்தபடி தண்ணீரும் டீயும் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இவர் ஒருவர் போதும் என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பெண் டீயை ஊதிக்கொண்டே வாட்சைப் பார்த்தார். முகம் மாறியது.

“கடைசி பஸ் பிடிச்சிடலாம்ல? விடிகாலையில நான் வண்டி எடுக்கணும். ஒருநாள் லீவுக்கே கெஞ்சித்தான் வந்தேன். போகலைன்னா ரூட்டை மாத்திடுவாங்க.”

அவர் அந்தக் குதிகாலைப் பார்த்தார். “கோட்டு வழியா போனா கிடைக்காதும்மா.”

“வேற வழி இருக்கா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தப் பெண் சாயங்காலம் முழுக்க அங்கேயே இருந்திருப்பார். அலமாரியில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்தே வெகுகாலமாயிற்று. இது எல்லாமே அவர் மனதில் ஓடியது.

“இருக்கு,” என்றார். “ஷூவைப் போடுங்க.”

மேட்டின் பின்பக்கம் நேராக இறங்கினார்கள். கீழே பண்ணைக்காரர் பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்ன மஞ்சக்கோடு, அதிசயமா நம்ம பக்கம்?”

“இவங்களுக்கு பஸ்ஸுக்கு அவசரம். உள்ள புகுந்து போயிடறோம்.”

“தாராளமா போங்க. தினமும்தான் பாக்கறேன், ஒவ்வொருத்தரும் மேட்டுல தவழ்ந்து போறதை. பேசாம என் முற்றம் வழியா விட்டிருக்கலாம்லய்யா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு கேட்டையும் தெறந்து போட்டிருப்பேனே.”

மஞ்சக்கோடு மறுபக்கத்துக் கேட்டைத் திறக்கப் போனார். அந்தப் பெண் பண்ணைக்காரரைப் பார்த்தார். பிறகு, கேட்டைத் திறந்துகொண்டிருந்த கையைப் பார்த்தார். நகக்கண்களில் மஞ்சள் பெயின்ட் காய்ந்திருந்தது.

“நீங்கதானா அது?”

“நான்தாம்மா.”

கலங்கரை விளக்கப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. ஓடினார்கள். அந்தப் பெண் நொண்டிக்கொண்டே ஓடினார். சாலையை எட்டியபோது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கையை ஆட்டினார்கள், கத்தினார்கள். அது போய்விட்டது.

அந்தப் பெண் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்தார். “பின்னாடி ஓடி வர்றவங்களை எத்தனை பேரைக் கண்ணாடியில பாத்திருக்கேன். நிறுத்தாமதான் போயிருக்கேன்.” ஷூவைக் கழற்றிக் குதிகாலைத் தடவினார். பிறகு, “எதுக்குண்ணே இப்படிப் பண்ணீங்க?” என்றார்.

“வீட்டுல யாரும் இல்லம்மா.”

திட்டு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை.

“‘மேலே டீ கிடைக்கும்’னு ஒரு போர்டு வச்சிருக்கலாம்லண்ணே?”

“போர்டு வச்சா யாரும்மா மேடேறுவாங்க?”

அந்தப் பெண் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர். “ஏற மாட்டாங்கதான்,” என்றார்.

பின்னாலேயே பால் வண்டியில் வந்த பண்ணைக்காரர், அந்தப் பெண்ணை நகரத்துக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வண்டி கிளம்பும்போது அந்தப் பெண் கதவு வழியாக எட்டிப் பார்த்து, “டீ நல்லா இருந்துச்சுண்ணே,” என்றார். மஞ்சக்கோடு தான் போட்ட வழியிலேயே, மேட்டைச் சுற்றி, மெதுவாக வீட்டுக்கு ஏறினார். அந்த ஏற்றம் எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் அவருடைய முழங்காலுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் பண்ணைக்காரரின் கேட் கம்பத்தில் இரண்டு மஞ்சள் கோடுகளைப் போட்டார். முற்றத்தின் மறுமுனையில் இரண்டு. எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கும் மறக்காமல் போட்டார். பிறகு கல்லின் நிறத்துக்கே கலந்த சாம்பல் பெயின்ட்டை எடுத்துக்கொண்டு மேடேறி, பழைய கோடுகளை ஒவ்வொன்றாக மூடினார். வாசல் கல்லில் இருந்ததைக் கடைசியாக மூடினார். இறங்கிவந்து, மேட்டுப்பாதை தொடங்குகிற இரண்டு பக்கமும் குறுக்குக் கோடு போட்டார். அவருடைய வீட்டுக்குப் போகிற வழி, போகக்கூடாத வழியாயிற்று.

அலுவலகத்துக்கு போன் செய்து, மாட்டுக்காரர் ஒத்துக்கொண்டார் என்றார்.

“பலே! எப்படிய்யா மசிய வச்ச?” என்றார் மேலதிகாரி. “பெரிய ஆளுய்யா நீ.”

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

“இந்த வாரம் யாரு வந்தா?”

பஸ் ஓட்டும் பெண்ணின் கதையைச் சொன்னார். முழங்காலைக் கழற்றி வைத்த இடத்தில் மனைவி சிரித்தார். நகக்கண் வந்த இடத்தில் சிரிக்கவில்லை. பஸ் போனதையும் சாம்பல் பெயின்ட்டையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

“எனக்கு அப்பவே தெரியும்,” என்றார் மனைவி. “அன்னைக்கு லைன் நல்லாத்தான் இருந்துச்சு.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. “எனக்கும் கேக்க ஒரு கதை வேண்டியிருந்துச்சுங்க,” என்றார் மனைவி. “அப்ப இனிமே?”

“இனிமே யாரும் வர மாட்டாங்க.”

“சரிங்க. மழையா அங்க?”

“இல்ல. காத்துதான்.”

இப்போதும் மதியத்துக்கு மேல் பெஞ்சில் உட்காருகிறார். கீழே பண்ணைக் கேட்டுக்குப் பக்கத்தில் ஆட்கள் சின்னதாகத் தெரிவார்கள். உள்ளே போவார்கள், மறுபக்கம் வருவார்கள், கடல் பக்கம் இறங்கி மறைவார்கள். ஒருநாள் தனியாக வந்த ஒருவர் வழி பிரிகிற இடத்தில் நின்று, மேட்டையும் வீட்டையும் நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்ப்பது போலிருந்தது. மஞ்சக்கோடு எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

கீழே யாரும் இல்லை. குறி தெளிவாகத்தான் இருந்தது.