காவி படாத கொப்புளம்

வயல் சூழ்ந்த பெண்டாங்கில் மகள் வீட்டில் நாங்கள் தங்கியிருந்தபோது, எங்கள் பேத்தி பிறந்த வாரமே என் கழுத்தில் கொப்புளங்கள் கோடாகக் கிளம்பின. அக்கிதான் என்று என் மனைவி பிரேமாவதி அதன்மேல் காவியால் சிங்கம் எழுதிவிட்டாள். பச்சைப் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று மகள் ரூபினி குழந்தையைத் தொடவே விடவில்லை.

சுங்கை பட்டாணியில் தோல் டாக்டரிடம் போனேன். அங்கே லேபில் வேலை செய்பவள் ஜானிஸ், செமிலிங் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. அம்மா பால்மரம் சீவியவர். வீட்டில் நர்ஸ் வேலைக்குப் போகச் சொன்னார்களாம். மைக்ராஸ்கோப்தான் வேண்டும் என்று அடம்பிடித்துப் படித்தவள்.

“யாரு அங்கிள் இந்தப் பூனைய வரைஞ்சது?”

“சிங்கம்மா அது. ஒங்க ஆன்ட்டி கேட்டா கோவிச்சுக்குவா.”

“காவி கலந்தா ஒண்ணும் தெரியாதுலா. காவி படாத கொப்புளம் இருக்கா பாப்போம்.”

காதுக்குப் பின்னால் ஒன்று கிடைத்தது. அதைத் திறந்து, அடியை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஊற்றிப் பார்த்தாள்.

“அக்கின்னா செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசா கெடக்கும். இதுல ஒண்ணுகூட அப்படி இல்ல அங்கிள்.”

டாக்டரும் அதைப் பார்த்தார். என் கழுத்தையும் பார்த்தார். வயலிலிருந்து விளக்குக்கு வரும் பூச்சியை நான் தூக்கத்தில் நசுக்கியிருக்கிறேன், அதன் விஷம்தான், யாருக்கும் ஒட்டாது என்றார்.

நான் ரூபினிக்குப் போன் போட்டு ஜானிஸிடமே கொடுத்தேன்.

“அக்கா, அக்கி இல்ல. தாத்தா கையக் கழுவிட்டு தாராளமா தூக்கட்டும்.”

அன்று சாயங்காலம் பேத்தி என் மடியில் தூங்கினாள். ரூபினி இரண்டு முறை கேட்டும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை.