குத்தாத சட்டை

என் மகளுக்கு ஏழு வயது முடியும்வரை, ஒரு நல்ல துணி அவள் மேல் முழுசாக ஒரு மணி நேரம் இருந்து நான் பார்த்ததில்லை. அப்போது போர்ட் பிளேரில் ஜங்லிகாட்டில் குடியிருந்தோம். மரப்பலகைச் சுவர், தகரக் கூரை. என் கணவருக்கு அரசாங்கத்தில் ஸ்டோர் கிளார்க் வேலை. அவர் போட்டுத் தேய்ந்த பாப்ளின் சட்டைகளைக் கையை வெட்டி, காலரை எடுத்து, அவள் முழங்கால்வரை தொங்குகிற மாதிரி நான் மூன்று சட்டைகள் தைத்திருந்தேன். அடியில் நாடா வைத்த நிக்கர். மூன்று சட்டை, இரண்டு நிக்கர், இவ்வளவுதான் அவள் உடுப்பு. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று எப்போதும் ஈரத்தில்.

வேறு எதைப் போட்டாலும் "குத்துது" என்பாள். கழுத்தில் குத்துது, அக்குளில் குத்துது, இடுப்பில் பிடிக்குது. நான் விடாமல் மாட்டினால் தெருப் பிள்ளைகளிடம் பழகிய இந்தி வெளியே வரும்: "ஹம் நை பெஹனேகா." போட மாட்டேன் என்பதைத் தமிழில் சொன்னால் நான் அடிப்பேன் என்றும் இந்தியில் சொன்னால் சிரித்துவிடுவேன் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மாள் அவளைப் பையன் என்றே ஒரு வருஷம் நினைத்திருந்தாள்.

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டி உண்டு. அதற்கு 'மெயின்லேண்ட் பெட்டி' என்று பெயர். எங்களுக்கு மட்டுமல்ல, அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. ஊருக்குப் போகும்போது உடுத்துவதற்கென்று நல்ல துணிகளை அதில் போட்டுப் பூட்டி வைப்போம். தீவில் அதை யாரும் தொட மாட்டோம். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துத் திறந்து, பூஞ்சணம் தட்டி, பூச்சி உருண்டை மாற்றி மறுபடி பூட்டுவோம். லீவு கிடைத்து, கப்பலில் இடமும் கிடைப்பதற்குள் பிள்ளைகள் அந்தத் துணிக்கு மேலே வளர்ந்துவிடும். உடனே அடுத்த அளவில் ஒன்று தைத்து உள்ளே வைப்போம். யாருமே போடாத துணியை அத்தனை பயபக்தியோடு காத்தவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

எங்கள் பெட்டியில் ஒரு நைலான் கவுன் இருந்தது. ரோஸ் நிறம், இடுப்பில் பெரிய ரிப்பன், தோளில் இரண்டு அடுக்கு மடிப்பு. மாயவரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் அண்ணன், தெரிந்தவர் ஒருவர் கப்பலேறும்போது கொடுத்தனுப்பியது. அந்தக் கவுனை நம்பித்தான் நான் ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

சண்டை அண்ணனோடுதான். ஆனால் அது அவருக்குத் தெரியாது. எனக்கு ஒன்பது வயதில் அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர். அந்தமான் மாப்பிள்ளையைப் பார்த்து முடித்தவரும் அவர்தான். சர்க்கார் உத்தியோகம், நல்ல குணம் என்று சந்தோஷமாகத்தான் செய்தார். நான் கப்பலேறிய பிறகு ஊரில் நாலு பேர், தங்கச்சியைத் தண்ணிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டான் என்று பேசியிருக்கிறார்கள். அது அவர் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. நாங்கள் லீவில் ஊருக்குப் போக நேரம் அமைந்தபோது அவரிடமிருந்து கடிதம் வந்தது. 'பெண் குழந்தை காட்டில் வளர வேண்டாம். இங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. இந்தத் தடவை அவளை எங்களிடம் விட்டுவிட்டுப் போ' என்று எழுதியிருந்தார். என் கணவர், 'தங்கள் விருப்பப்படியே ஆகட்டும்' என்று பதில் எழுதினார். அப்படிப் பிள்ளைகளை ஊரில் விட்டுப் படிக்க வைப்பது தீவில் வழக்கம்தான். அவரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் கடிதத்தின் அடியில் நான் எழுதியது ஒரே வரி. அண்ணிக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தேன்.

எங்களுக்கு அவள் ஒரு பிள்ளைதான். அவளை விட்டுவிட்டு வந்தால் அடுத்து எப்போது பார்ப்பேன் என்று எனக்குத் தெரியாது. அண்ணனிடம் முடியாது என்று சொல்லவும் எனக்கு வாய் கிடையாது. ஆகையால் ஒரு திட்டம் போட்டேன். ரெட்டைச் சடை போட்டு, கவுனை மாட்டி, பொம்மை மாதிரி அவளைக் கொண்டுபோய் நிறுத்துவது. பார்த்தவுடன் அண்ணன், 'அட, இதற்கு என்ன குறைச்சல், நன்றாகத்தானே வளர்த்திருக்கிறாய்' என்று சொல்லிவிட வேண்டும். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இருவரும் மட்டும் கிளம்பினோம்.

நாலு நாள் பங்க் கிளாஸ் பயணம். கப்பலின் வயிற்றுக்குள் மூன்றடுக்குப் படுக்கைகள், நூறு இருநூறு ஜனங்கள். முதல் நாள் சாயங்காலமே நான் விழுந்துவிட்டேன். தலையைத் தூக்கினால் வாந்தி. என்னைச் சுற்றிலும் பெண்கள் எல்லோருக்கும் அதே கதிதான். அந்த நாலு நாளும் எங்களை யார் பார்த்துக்கொண்டது என்றால் என் மகள்தான். நிக்கரும் தொளதொளச் சட்டையுமாக மேல் படுக்கைக்கும் கீழ் படுக்கைக்கும் அணில் போல ஏறி இறங்கினாள். ஒரு தெலுங்குக்காரப் பாட்டிக்குத் தண்ணீர், ஒரு வங்காளிப் பெண்ணுக்கு எலுமிச்சம்பழம், எனக்கு டம்ளரில் ரசம். கப்பல் ஆடும்போது ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மற்றக் கையில் டம்ளர் சிந்தாமல் அவள் வருவதைப் படுத்தபடியே பார்த்தேன். பக்கத்தில் இன்னொரு சிறுமி, வழியெல்லாம் ஜரிகைப் பாவாடை கட்டியவள், தடுக்கி விழாமல் இருப்பதற்கே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் புத்தி வரவில்லை.

மெட்ராஸ் தெரியப்போகிறது என்ற நாள் காலையில் பங்க் கிளாஸ் முழுவதும் பெட்டிகள் திறந்தன. நாலு நாள் குப்புறக் கிடந்த பெண்கள் எழுந்து பட்டு உடுத்தினார்கள். பூச்சி உருண்டை வாசனை குமட்டியது. புதுத் துணி மாட்டிய குழந்தைகள் வரிசையாக அழுதன. நானும் கவுனை எடுத்தேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கெஞ்சினேன், மிட்டாய் ஆசை காட்டினேன், கடைசியில் முதுகில் ஒன்று வைத்தேன். அழவில்லை. கையைத் தூக்கிக் காட்டினாள், மாட்டிவிட்டேன். நான் என் புடவைக்கு மடிப்பு வைத்துத் திரும்புவதற்குள் அதைக் கழற்றி, ரிப்பனைச் சுற்றி அழகாக மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

"அடிக்கணும்னா அடிச்சுக்கம்மா. அது எனக்கு வேண்டாம்," என்றாள்.

குரலில் கோபம் இல்லை, பயமும் இல்லை. அப்பா சட்டையிலேயே மெட்ராஸில் இறங்கினாள்.

மாயவரம் ஸ்டேஷனில் அண்ணன் நின்றிருந்தார். பெயர்ப்பலகையில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசியிருந்த காலம் அது. அவர் குனிந்து, "வாடா கண்ணு, மாமா தூக்கிக்கட்டுமா?" என்று கேட்டார். அவள் பழக்கத்தில், "நை, ஹம் சலேகா," என்று, நடந்தே வருவதாகச் சொல்லிவிட்டுத் தன் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். அண்ணன் சட்டையைப் பார்த்தார், நிக்கரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது கோலம்? அங்க துணிமணிகூட கிடைக்கலியா?" என்றார். நான் கப்பல் அலுப்பு என்று ஏதோ உளறினேன்.

பதினைந்து நாள் அந்த வீட்டில் எல்லோரும் அவளுக்குத் துணி மாட்டப் பார்த்தார்கள். அண்ணி பட்டுப்பாவாடை எடுத்து வந்தாள். எதிர்வீட்டுக்காரி தன் மகளுடைய கவுனைக் கொடுத்துப் பார்த்தாள். என் மகள் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. போட்டுப் பார்ப்பாள், குந்தி உட்கார்ந்து பார்ப்பாள், கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்ப்பாள், கழற்றி மடித்துக் கொடுத்துவிடுவாள். "நல்லாத்தான் இருக்கு அத்தை. ஆனா குத்துது." அவ்வளவுதான். உறவுக்காரர்கள் வந்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். அண்ணன் என்னிடம், "பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன். இங்கயே இருக்கட்டும், சரியாயிடும்," என்றார். நான் தலையை ஆட்டினேன். எதிர்க்கத் தைரியம் இல்லாதவளின் தலை அது, தானாக ஆடிவிடும்.

ஒரு நாள் காலையில் அண்ணன், "அவளே எடுத்துக்கட்டும், எது பிடிக்குதோ அது," என்று சொல்லி எங்களைக் கடைக்கு அழைத்துப் போனார். பாயில் உட்கார வைத்து நைலான், சாட்டின், பூப்போட்ட பட்டு என்று விரித்துக்கொண்டே போனார். அவள் வண்ணத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு துணியாக எடுத்து முழங்கை மடிப்பில் வைத்துத் தேய்த்தாள், பிறகு கழுத்தில். கண்ணை மூடிக்கொண்டாள். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். கடைப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அவள் எழுந்து, கீழ்த் தட்டில் யாரும் பார்க்காத மூலையில் கிடந்த ஒரு வெள்ளைத் துணியை இழுத்தாள். மல் துணி. பிறந்த குழந்தைக்குப் போர்த்தவும் உள்பக்கம் வைத்துத் தைக்கவும் வாங்குவது. கன்னத்தில் வைத்துக்கொண்டு, "மாமா, இது குத்தல," என்றாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. அந்தத் துணியை வாங்கித் தானும் விரலால் தேய்த்தார். "இந்தக் கடையிலேயே நல்ல நூல் இதுதாம்மா. வருஷக்கணக்கா எங்கிட்ட நிக்கிறவனுக்கு இது தெரியாது. எல்லாரும் கண்ணால வாங்குறான். இவ ஒருத்திதான் ஒடம்பால வாங்குறா," என்றார். அவர் முகத்தில் இருந்தது சந்தேகமே இல்லாத மரியாதை. ஒரு ஜவுளிக்காரர் இன்னொரு ஜவுளிக்காரருக்குக் கொடுப்பது. கடை வாசலில் மிஷின் போட்டிருந்த தையற்காரரிடம், அவள் போட்டிருந்த அப்பா சட்டையையே மாதிரியாகக் காட்டி அதே தொளதொளப்பில் மூன்று தைக்கச் சொன்னார். என் பெண் ஒரு ஊரையே ஜெயித்துவிட்டாள் என்று எனக்கு உள்ளே பொங்கியது. பாயில் உட்கார்ந்தபடி அவளைக் கண்கொட்டாமல் பார்த்தேன்.

சந்தோஷம் மறுநாள் மத்தியானம் வரைதான். அண்ணனும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். மல் சட்டை போட்டிருந்தாள். அண்ணன் அவள் தட்டில் நெய்யை விட்டுக்கொண்டே, "பள்ளிக்கூடத்துல மட்டும் யூனிபாரம் போட்டுக்க. வீட்டுக்கு வந்ததும் கழட்டிட்டு ஒனக்குப் பிடிச்சத போட்டுக்கலாம். யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. மாமா கூட இருந்துக்கிறியா?" என்று கேட்டார்.

அவள் சாதத்தைப் பிசைந்தபடி யோசித்தாள். "வந்த உடனே கழட்டலாமா?"

"வாசல்லயே கழட்டு."

"அப்ப சரி," என்றாள்.

குழம்புக் கரண்டி என் கையில் அப்படியே நின்றது. இவ்வளவு நாளாகத் துணியைக் காட்டி நான் நடத்திய சண்டை ஒரு வார்த்தையில் முடிந்துபோயிற்று. அவளுக்கு வேண்டியதை அவள் கேட்டாள், அவர் கொடுத்துவிட்டார். என்ன குறை சொல்லி அவளை நான் கூட்டிப்போக முடியும்? கப்பலில் துணையில்லாமல் போக என்னால் ஆகாது என்று சொல்லலாமா, மாயவரத்துத் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாமா என்று தேடினேன். அந்தப் பிள்ளை இதுவரை ஒரு பொய்க்காரணம் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளைப் பெற்றவள் நான், முப்பது வயதில் கரண்டியோடு நின்று பொய் தேடுகிறேன். வெட்கமாக இருந்தது.

"அண்ணே, அவள விட்டுட்டுப் போக எனக்குப் பிடிக்கல," என்றேன்.

அண்ணன் நிமிர்ந்தார். "ஏம்மா? இங்க என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. எனக்குப் பிடிக்கல. அவ எங்கூடத்தான் இருக்கணும்."

அண்ணி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அண்ணன் பிசைந்த கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"பிடிக்கலன்னு நீ எங்கிட்ட இதுவரைக்கும் எதையுமே சொன்னதில்லம்மா," என்றார். பிறகு, கேட்கவே பயப்படுகிறவர் போல மெதுவாகக் கேட்டார்: "அந்தமான் மாப்பிள்ளன்னு நான் வந்து சொன்னப்பவும் தலையத்தான் ஆட்டுன. அப்பவும் பிடிக்காமத்தான் ஆட்டுனியா?"

இத்தனை வருஷமாக அவர் கேட்க நினைத்தது இதுதான் என்று புரிந்தது. முதல் இரண்டு வருஷம் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நான் அழுதது உண்மை. அதையும் சொன்னேன். "இப்ப பிடிச்சிருக்குண்ணே. அந்த வீடு, அவரு, எல்லாமே பிடிச்சிருக்கு."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பலாமா என்று தேடிப் பார்க்கிற பார்வை.

"அப்படின்னா கூட்டிட்டுப் போ," என்றார்.